பொறுத்திருந்த தடுப்பாட்டக்காரர்

நம் விடுதி மாணாக்கர் சனிக்கிழமை இரவுகளில் இங்கிலாந்து தேசத்துக் காற்பந்தாட்டங்களைக் கண்டு களிப்பதும், மறுநாட் காலையில் உணவுச்சாலையில் அவற்றைப்பற்றி வாதஞ் செய்வதும் நாம் அறியாதவையல்ல. அவ்வாதங்களில் கோல் போட்டவர் பெயர் பத்து முறை அடிபடும். கோல் விழாமற் காத்தவர் பெயரை ஒருவரேனும் உரைப்பது அரிது. தடுப்பாட்டக்காரர் தவறினாலன்றி உலகம் அவரை நினைப்பதில்லை. நன்றாக ஆடிய நாளில் அவர் செய்தது யாதென்று கேட்டால், ஒன்றும் நடவாமற் செய்தார் என்பதே விடை.

நாம் ஈண்டு எழுதப் புகுந்தது அத்தகைய ஒருவரைப்பற்றி. அயர்லாந்து தேசத்தவராகிய ஜேக் ஓ'பிரையன் என்பார் அவர். அவர் ஆட்டத்தைப் புகழ்வது மாத்திரம் நம் நோக்கமாயின் இதழின் பக்கங்களை வீணாக்கோம். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை வீட்டையும் பள்ளியையும் விட்டுத் தொழிலின்பொருட்டுக் கடல் கடந்து போவது தகுமா என்பது அயர்லாந்தில் நெடுநாளாக இருந்துவரும் வினா. அவ்வினாவுக்கு இவ்வாலிபரின் வாழ்க்கை ஒருவகைச் சாட்சியம் அளிக்கிறது. அச்சாட்சியத்தை எடுத்துக் காட்டி நம் அபிப்பிராயத்தைச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

முதலில் பழைய வழக்கத்தைச் சொல்லவேண்டும். டப்ளின், கார்க், பெல்பாஸ்ட் முதலிய நகரங்களின் தெருக்களில் திறமையாய்ப் பந்தாடும் சிறுவன் ஒருவன் இருப்பதாகக் கேள்விப்பட்டால், இங்கிலாந்தின் பெரிய சங்கங்கள் ஆளனுப்பிப் பார்ப்பது ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வழக்கம். பார்த்தவர் மெச்சினால் சிறுவன் கப்பலேறுவான். அங்கே யாரோ ஒரு விடுதிக்கார அம்மையின் வீட்டில் தங்கி, முன்பெல்லாம் மூத்த ஆட்டக்காரரின் பூட்ஸுகளைத் துடைத்து, ஒருநாள் தானும் மைதானத்தில் இறங்கலாமென்று காத்திருப்பான். உலகம் போற்றிய ஜார்ஜ் பெஸ்ட் 1961ஆம் ஆண்டில், தம் பதினைந்தாம் வயதில், பெல்பாஸ்டிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட் சங்கத்துக்குப் போனார். போன இரண்டு நாளில் வீட்டு நினைவு தாங்காமல் திரும்பி வந்துவிட்டார். பின்பு சமாதானஞ் சொல்லி மீண்டும் அழைத்துக்கொண்டார்கள். அவர் திரும்பிப் போனதனால் நமக்குப் பெயர் தெரிகிறது. திரும்பிப் போகாதவர்களும், போய்ப் பதினெட்டாம் வயதில் உனக்கு இங்கு இடமில்லை என்று அனுப்பப்பட்டவர்களும் எத்தனையோ பேர். அவர்கள் பெயரை எந்தப் புத்தகத்திலும் காணோம். பள்ளிப் படிப்பும் முடியவில்லை, ஆட்டமும் கைகூடவில்லை என்ற நிலையில் தந்தையின் வாயிற்படியில் வந்து நின்ற அப்பிள்ளைகளே பெரும்பான்மையோர் என்பதை அத்தேசத்தார் யாவரும் அறிவர்.

இவ்வழக்கம் 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் திடீரென்று நின்றது. நிறுத்தியது கருணையன்று, அரசியல். சர்வதேசக் காற்பந்துச் சம்மேளனத்தின் விதிகளில் பத்தொன்பதாம் பிரிவு என்று ஒன்றுண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை ஒரு தேசத்துச் சங்கத்திலிருந்து மற்றொரு தேசத்துச் சங்கம் வாங்கலாகாது என்பது அது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் பதினாறு வயதிலேயே போகலாம் என ஒரு விலக்கு அதில் உண்டு. அவ்விலக்கும் சும்மா அளிக்கப்படவில்லை. அப்பிள்ளைக்குப் பள்ளிக் கல்வியோ தொழிற்கல்வியோ கிடைக்கச் செய்வதும், தக்க இல்லத்தில் தங்கச் செய்வதும் வாங்குகிற சங்கத்தின் கடமையென்று விதி கூறுகிறது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு முற்றும் விலகியதும், அந்த விலக்கு அதற்கு இல்லாமற் போயிற்று. ஐரிஷ் குடிமகன் எவனும் பிரிட்டனில் வசிக்கலாம், உழைக்கலாம் என்ற பழைய உரிமை இன்றும் உண்டு. தச்சு வேலைக்குப் போகலாம், உணவகத்தில் தட்டெடுக்கப் போகலாம். பதினேழு வயதுப் பிள்ளை பந்தாட மாத்திரம் போகலாகாது. இது வேடிக்கையே. ஆயினும் வேடிக்கையாய் வந்த நன்மையை வேண்டாமென்று தள்ளுவது புத்தியாகாது.

பழைய வழியின் சார்பில் சொல்லத்தக்க மிகச் சிறந்த உதாரணத்தை நாமே முன்வைக்கிறோம். எதிர்க்கட்சியின் வலிமையை மறைத்து வாதாடுவது நம் முறையன்று. நேதன் காலின்ஸ் என்னும் தடுப்பாட்டக்காரர் 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 30இல் கில்டேர் மாவட்டத்து லீக்ஸ்லிப் என்னும் ஊரிற் பிறந்தார். டப்ளின் நகரத்துச் செர்ரி ஆர்ச்சர்ட் சிறுவர் சங்கத்தில் ஆடி, 2016இல் இங்கிலாந்தின் ஸ்டோக் ஸிட்டி சங்கத்துக்குப் போனார். பதினெட்டு வயதிலேயே அச்சங்கத்தின் காப்டனாக மைதானத்தில் இறங்கினார். அச்சங்கத்தின் நெடிய வரலாற்றில் அவரினும் இளைய காப்டன் இருந்ததில்லை. 2021இல் பர்ன்லி, 2022இல் வுல்வர்ஹாம்ப்டன், 2023இல் பிரென்ட்போர்டு என்று ஆண்டுக்கொரு சங்கம் அவரை விலைக்கு வாங்கிற்று. வுல்வர்ஹாம்ப்டன் கொடுத்த 2 கோடியே 5 லட்சம் பவுன் ஐரிஷ் ஆட்டக்காரர் ஒருவருக்கு அதுவரை எவரும் கொடாத தொகை. அடுத்த ஆண்டே பிரென்ட்போர்டு 2 கோடியே 30 லட்சம் கொடுத்து அதனை மிஞ்சிற்று. 2022 ஜூனில் போலந்து தேசத்து லோட்ஸ் நகரில் உக்ரேனுக்கு எதிராக அவர் பந்தைத் தாமே கொண்டு ஓடி, எதிரிகளை ஒருவர்பின் ஒருவராய்க் கடந்து போட்ட கோலைக் கண்டவர் மறவார். தடுப்பாட்டக்காரர் அவ்வாறு செய்வது யானை நடனமாடுவது போல்வதாம். யானையும் சில வேளைகளில் அழகாகவே ஆடுகிறது.

இவரைக் காட்டி, சிறுவயதிற் போனதனாலன்றோ இவ்வளவு உயர்ந்தார் என்பார் உளர். ஆனால் அவர் குடும்பத்தைச் சற்று நோக்குக. தந்தையார் டேவிட் காலின்ஸ் லிவர்பூல் சங்கத்திற் பயின்று ஆக்ஸ்போர்டு யுனைடெட் சங்கத்தில் ஆடியவர். சிற்றப்பா பெரியப்பா முறையினரான ஏமன் காலின்ஸ் 1980ஆம் ஆண்டில் பிளாக்பூல் சங்கத்தின் முதல் வரிசையில் இறங்கியபோது அவருக்கு வயது பதினான்கு! நம் உயர்நிலைப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இருக்கவேண்டிய பிள்ளை, தாடி மீசையுள்ளவர்களோடு மோதுவதற்கு இறங்கியதை எண்ணிப் பாருங்கள். ஆகவே நேதன் காலின்ஸ் கப்பலேறியபோது, அக்கரையில் உள்ள பள்ளமும் மேடும் அறிந்தவர்கள் அவர் வீட்டிலேயே இருந்தனர். தனிமை வந்தால் என் செய்வது, பயிற்சியாளர் முகங்கொடாவிட்டால் என் செய்வது, ஒப்பந்தத்தில் எவ்வரியை இருமுறை வாசிப்பது என்று சொல்லிக்கொடுக்கத் தந்தை இருந்தார். அத்தகைய தந்தை ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்க்கலாம். ஒருவர் ஆற்றை நீந்தினார் என்பதற்காகத் தோணியை விலக்கிவிடுவாரும் உண்டோ?

இனி ஓ'பிரையன். இவர் காலின்ஸுக்குப் பதினைந்து நாள் இளையவர். 2001ஆம் ஆண்டு மே 15இற் பிறந்தவர். ஊர், கார்க் மாவட்டத்தில் பிளாக்வாட்டர் நதி கடலோடு கலக்கும் இடத்திலுள்ள யால். (ஆங்கிலத்தில் எழுதுவது ஏழெழுத்து, வாயில் வருவது இவ்வளவே, ஐரிஷ் ஊர்ப்பெயர்களைக் கண்ணால் வாசித்து ஏமாந்தவர் நாம் மட்டுமல்லர்.) அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஹர்லிங் என்னும் மட்டையாட்டமும் கேலிக் காற்பந்துமே சொந்த விளையாட்டுகள். இவரும் சிறுவயதில் ஹர்லிங் ஆடியவர். காலின்ஸ் ஸ்டோக்கில் காப்டனாய் நின்ற அந்நாட்களில், ஓ'பிரையன் பெயரைக் கார்க் மாவட்டத்துக்கு வெளியே அறிந்தார் சிலர். அவர் ஆடியது கார்க் ஸிட்டி சங்கத்தில். 2020இல் அச்சங்கம் தேசத்து முதற்பிரிவில் கடைசி இடத்தை அடைந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கிற்று. தோற்கும் கூட்டத்தில் இருப்பது துக்கமே. ஆனால் தடுப்பாட்டக்காரருக்கு அது ஒரு பாடசாலை. வெல்லும் கூட்டத்தின் தடுப்பாட்டக்காரர் கைகட்டி நிற்கலாம்; தோற்கும் கூட்டத்தாருக்கு வேலை ஓய்வதேயில்லை.

2021இல், பத்தொன்பது வயதில், லண்டன் நகரத்துக் கிரிஸ்டல் பாலஸ் சங்கம் முதலில் இரவலாகவும் பின்பு முழுமையாகவும் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே அவருக்கு முதல் வரிசையில் இடம் வாய்க்கவில்லை; பிரிமியர் லீக்கில் அச்சங்கத்துக்காக ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 2022இன் தொடக்கத்தில் கீழ்ப்பிரிவுச் சங்கமாகிய ஸ்விண்டன் டவுனுக்கு இரவலாக அனுப்பினார்கள். இவ்விடத்திலேதான் பலருடைய கதை முடிகிறது. இவர் கதையோ பெல்ஜியத்துக்குத் திரும்பிற்று. பாலஸ் சங்கத்தில் பங்குடையவராயிருந்த ஜான் டெக்ஸ்டர் என்னும் அமெரிக்கச் செல்வரே அக்காலத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து மோலன்பேக் சங்கத்தையும், பிரான்ஸ் தேசத்து லியோன் சங்கத்தையும் தம் ஆதிக்கத்தில் வைத்திருந்தார். ஒரே முதலாளியின் மூன்று தோட்டங்களில் ஒரு செடியை இடம்மாற்றி நடுவதுபோல் ஆட்டக்காரரை மாற்றினார்கள். இம்முறையை நாம் பொதுவில் மெச்சோம், மனிதர் நாற்றல்லர். ஆயினும் இச்செடி வேர்பிடித்தது. 2022-23இல் மோலன்பேக் பெல்ஜியத்தின் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று மேலேறிற்று. 2023இல் லியோன் ஏறக்குறையப் பத்து லட்சம் பவுன் கொடுத்து அவரை வாங்கிற்று.

லியோனில் அவர் கழித்த ஓர் ஆண்டைச் சற்று விரித்துச் சொல்லத் தகும். அச்சங்கம் ஒருகாலத்தில் பிரான்ஸில் தொடர்ந்து ஏழு ஆண்டு முதலிடம் பெற்ற சங்கம். அது அவ்வாண்டின் நடுவில் அட்டவணையின் அடியிற் கிடந்தது. அயல்மொழி, அயலூர், தடுமாறும் கூட்டம் என்ற மூன்றினிடையே நின்று இவர் தமக்கென ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டார். 2023 நவம்பர் இறுதியில் பியர் ஸாஜ் என்பவர் பயிற்சிப் பொறுப்பேற்றபின் லியோன் எழத் தொடங்கி, ஆண்டிறுதியில் ஆறாம் இடத்துக்கு வந்தது. பிரான்ஸ் கோப்பையின் இறுதியாட்டத்துக்கும் போயிற்று. 2024 மே 25இல் லில் நகரில் நடந்த அவ்வாட்டத்தில் பாரிஸ் சங்கம் 2-1 என்று வென்றது. லியோனுக்காகப் போடப்பட்ட அந்த ஒரு கோல், மூலையிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி யால் ஊரார் போட்டது. நான்கு ஆண்டுக்கு முன் அயர்லாந்தின் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய கூட்டத்தில் நின்றவர் இவர் என்பதை நினைவிற் கொள்க. அடுத்த மாதம் அயர்லாந்தின் தேசிய அணியில் ஆடினார். ஜூலை இறுதியில் லிவர்பூல் நகரத்து எவர்ட்டன் சங்கம் ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் பவுன் கொடுத்து அவரை இங்கிலாந்துக்குத் திரும்பவும் அழைத்தது.

அங்கும் அரையாண்டு பலகையிலேயே உட்கார்ந்திருந்தார். 2025 ஜனவரியில் டேவிட் மாயஸ் பயிற்சியாளராய் வந்தபின் மைதானத்தைக் கண்டார். நடுவிற் காப்பவரை வலப்புறத்திலும் நிறுத்தினார்கள், அதற்கும் இணங்கினார். அவ்வாண்டு மார்ச்சில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராகத் தொண்ணூறு நிமிஷமும் கடந்தபின் தலையால் முட்டித் தோல்வியைத் தவிர்த்தார். பொறுத்திருத்தல் அவருக்கு அதற்குள் பழகிய வித்தையாய் ஆகியிருக்கவேண்டும்.

தடுப்பாட்டம் தாமதமாகப் பழுக்கும் கலை என்பது நம் துணிபு. முன்னணி ஆட்டக்காரருக்கு வேகமும் துணிவும் பதினேழிலேயே வந்துவிடலாம். தடுப்பவருக்கு வேண்டுவது இடமறிதல். எப்போது முன்னேறித் தாக்குவது, எப்போது பின்வாங்கிக் காலத்தை நீட்டுவது, பக்கத்தில் நிற்பவன் எங்கே போவான் என்று காணாமலே அறிவது முதலியவை தவறித் தவறியே கற்கப்படுவன. மேலும் ஓ'பிரையன் ஆறடி ஆறங்குல உயரமுள்ளவர். அவ்வளவு வளர்கிற உடல் பதினைந்து வயதில் தன் கால்களையே தான் அறியாது. அவ்வயதில் ஆளனுப்பிப் பார்த்தவர் எவரும், நெட்டையாய்த் தடுமாறும் ஒரு பையனைக் கண்டு தலையசைத்துப் போயிருக்கக்கூடும்.

முன்னோர் கதையும் இதற்கு அனுகூலமே. அயர்லாந்து கண்ட தடுப்பாட்டக்காரருள் தலைசிறந்தவரெனப் பலர் கருதும் பால் மக்ரா, இருபத்திரண்டு வயதுவரை டப்ளினிலேயே இருந்தார். கட்டடங்களுக்குக் காவல்காரராய் வேலைசெய்தார் என்றும் அவர் வரலாறு கூறுகிறது. பிற்காலத் தொழிலும் காவலே ஆயிற்று. செயின்ட் பாட்ரிக்ஸ் அத்லெட்டிக் சங்கத்திலிருந்து 1982இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். 1994 உலகக் கோப்பையில் இத்தாலியை அயர்லாந்து 1-0 என்று வென்ற நாளில், முப்பத்துநான்கு வயதில், வலிக்கும் முழங்கால்களோடு அவர் நின்ற நிலையை அத்தேசத்தார் இன்றும் பேசுகின்றனர். டானிகால் மாவட்டத்து மீன்பிடி ஊராகிய கில்லிபெக்ஸிற் பிறந்த ஷேமஸ் கோல்மனும் இருபது வயதில், 2009 ஜனவரியில், ஸ்லைகோ ரோவர்ஸ் சங்கத்திலிருந்து 60,000 பவுனுக்கு எவர்ட்டனுக்குப் போய், அங்கே 400க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிக் காப்டனுமானார்.

2025 நவம்பர் 13இல் டப்ளினில் அயர்லாந்து போர்த்துக்கல்லை 2-0 என்று வென்றது. அன்று பின்வரிசையின் வலப்புறத்தில் முப்பத்தேழு வயதுக் கோல்மனும், அவருக்கு அடுத்து ஓ'பிரையனும், நடுவிற் காலின்ஸும் நின்றார்கள். சிறுவயதிற் போனவரும் வளர்ந்தபின் போனவரும் ஒரே வரிசையில் நின்று ரொனால்டோவின் கூட்டத்தைத் தடுத்ததை நாம் கண்டோம். எவர் எவ்வழியில் வந்தார் என்பதை ஆட்டத்தைப் பார்த்து ஒருவராலும் சொல்லமுடியாது. நமது வாதத்துக்கு அதுவே போதும். காத்திருந்தவர் இழந்தது யாதுமில்லை. காத்திராமற் போய்த் தோற்றவர்களோ, இழந்த பள்ளியாண்டுகளைத் திரும்பப் பெறுவதில்லை.

ஆனால் நம் கட்சியிலும் ஓட்டையுண்டு, அதனை மறைக்கமாட்டோம். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட இரண்டாண்டில் அயர்லாந்தில் அப்பிள்ளைக்குக் கிடைப்பது யாது? இங்கிலாந்துச் சங்கங்களில் அவ்வயதினருக்கு முழுநேரப் பயிற்சியாளர், வைத்தியர், உணவு வகுப்போர் எனப் பலர் உளர். அயர்லாந்துச் சங்கங்களில் முழுநேரச் சம்பளம் பெறும் பயிற்சியாளர் மிகச் சிலரே. பலர் பகலில் வேறு தொழில் செய்து மாலையில் மைதானத்துக்கு வருவோர். கதவை மூடியவர்கள் உள்ளே விளக்கேற்றவில்லை என்று அங்குள்ளோர் முறையிடுவதில் நியாயமுண்டு. வசதியும் துணிவும் உள்ள சிலர் ஐரோப்பாவின் பிற வாயில்களை நாடுகின்றனர்: கெவின் ஸெபி என்னும் சிறுவர் 2021இல் மிலான் நகரத்து இண்டர் சங்கத்துக்கும், தடுப்பாட்டக்காரராகிய ஜேம்ஸ் அபங்க்வா 2022இல் உதினேஸேக்கும் ஒப்பந்தமானார்கள். தூரமும் அயல்மொழியும் இவ்வழியில் கூடுதல். ஆனால் கல்வி அளித்தே தீரவேண்டும் என்னும் விதியின் காவலும் உண்டு. எல்லாரும் மிலானுக்குப் போகமுடியாது. யால் போன்ற ஊர்ப் பிள்ளைக்கு வேண்டுவது, பகலிற் பள்ளித் தேர்வுக்குப் படித்து மாலையில் தக்க ஆசிரியரிடம் பந்து பயிலத் தன் மாவட்டத்திலேயே ஓரிடம். விதி தந்தது காலத்தை மாத்திரமே. அக்காலத்தை நிரப்புவது அத்தேசத்து அரசும் சங்கங்களும் செய்யவேண்டிய வேலை.

பணமில்லை என்னும் விடையும் இனிச் செல்லாது. மக்ரா ஆடிய அதே செயின்ட் பாட்ரிக்ஸ் அத்லெட்டிக் சங்கத்தில் மேஸன் மேலியா என்னும் முன்னணி ஆட்டக்காரர் பதினேழு வயதில் இருந்தபோது, லண்டன் நகரத்து டாட்டன்ஹாம் சங்கம் 2025 பிப்ரவரியில் அவரைக் கேட்டது. விதியின்படி உடனே கொண்டுபோக முடியவில்லை. அவருக்குப் பதினெட்டு நிரம்பியபின், 2026 ஜனவரியிற் சேர்வதென்று ஒப்பந்தமாயிற்று. பேசிய விலை ஏறக்குறைய 19 லட்சம் யூரோ. அயர்லாந்தின் உள்நாட்டுச் சங்கம் எதுவும் ஓர் ஆட்டக்காரருக்காக அதுவரை அவ்வளவு பெற்றதில்லை. முன்னாளில் அவர் பதினைந்து வயதிலேயே கப்பலேறியிருந்தால், அத்தொகையில் ஒரு சிறு பங்கேனும் டப்ளினில் தங்கியிருக்குமா என்பது ஐயமே. அப்பணத்திற் சிறுவர் பயிற்சிக்கென்று எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்பதை நாம் கவனித்து வருகிறோம்.